கிட்னிய விக்கலாமா? மிஸ்ஸிகிட்ட கேளுங்க

நான் டயாலிசிஸ் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா வேலை பார்த்து ரிட்டையர் ஆனவ, இப்ப மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன். கிட்னி விக்கிறத பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க, தெரிஞ்சத சொல்றேன்.

மிஸ்ஸி, செம்பனை தோட்டத்துல வேலை. ஆலோங்கிட்ட, அதான் கந்துவட்டிக்காரன்கிட்ட வாங்கின கடன் கழுத்த நெரிக்குது. என் உடம்பு என் இஷ்டம், ரெண்டுல ஒன்ன வித்தா என்ன தப்பு?

தம்பி, உன்ன குத்தம் சொல்லல. ஆனா வித்தவங்க கதைய கேட்டுக்க. 2001-ல சென்னையில கிட்னி வித்த 305 பேர விசாரிச்சாங்க, 100க்கு 96 பேர் கடன அடைக்கத்தான் வித்திருக்காங்க, வித்தப்புறம் பார்த்தா முக்கால்வாசி பேருக்கு கடன் அப்படியே இருக்கு, குடும்ப வருமானமும் மூணுல ஒரு பங்கு குறைஞ்சு போச்சு. ஏன்னா அவங்க எல்லாம் உடம்ப வச்சு உழைக்கிற ஜனம். நீயும் குலை வெட்டி தூக்குறவன்தானே, ஆபரேஷன் பண்ணின வயித்தோட எத்தன மாசம் சும்மா உக்காருவ, அந்த மாசத்து வட்டிய யாரு கட்டுவா? ஒரு கிட்னியோட வாழலாம், அது உண்மைதான், ஆனா பிரஷர், சுகர் வராம பார்த்து வருஷா வருஷம் செக்கப் போகணும், புரோக்கர் அதுக்கெல்லாம் வரமாட்டான். பேங்க் கடனும் இருந்தா ஏகேபிகேன்ற கடன் ஆலோசனை ஆபீஸ்ல காசு வாங்காம ஆலோசனை சொல்வாங்க, முதல்ல அங்க போ. ஆலோங் மிரட்டினா போலீஸ்ல ரிப்போர்ட் குடு.

அப்ப எங்கப்பா சாகட்டுமா? வாரம் மூணு தடவ, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம் டயாலிசிஸ்ல ஊசி குத்திக்கிட்டு கிடக்குறாரு. கேக்குற காச குடுக்க நாங்க ரெடி.

அம்மா, உன் கோவம் நியாயம், அந்த நாற்காலியில சோர்ந்து கிடக்குறவங்கள தினமும் பார்த்தவ நான். ஆனா காசுக்கு கிட்னின்னு சட்டம் வந்தா உங்கப்பாவ விட பெரிய பணக்காரன் முன்னாடி நிப்பான், குடுக்குறது மட்டும் எப்பவும் நம்ம தோட்டத்து பிள்ளைங்களாதான் இருக்கும். சொந்தக்காரங்க யாராச்சும் மனசார குடுக்க வந்தா டெஸ்ட் பண்ணி பாருங்க. அப்பா சொக்சோ, அதான் தொழிலாளர் காப்புறுதி, கட்டினவரா? தகுதி இருந்தா டயாலிசிஸ் செலவ அவங்க ஏத்துக்குவாங்க, விசாரிச்சியா?

ஈரான்ல சட்டப்படியே விக்கலாமாமே?

ஆமா, 1988லேர்ந்து. அங்கயும் விக்கிறது பெரும்பாலும் ஏழைங்கதான்.

சொந்தம் இல்லாத கூட்டாளி சும்மாவே குடுத்தா?

முடியும். ஆனா சுகாதார அமைச்சோட கமிட்டி ஒத்துக்கணும், பின்னால காசு கைமாறுதா, யாராச்சும் மிரட்டுறாங்களான்னு தோண்டி தோண்டி கேப்பாங்க. எரிச்சலா இருக்கும், ஆனாலும் எனக்கு அந்த கேள்வியெல்லாம் வேணும்.

ஏஜெண்ட் வெளிநாட்டுக்கு கூட்டிட்டு போறேன்றான், நானே சம்மதிச்சு சைன் வச்சா அவன் மேல கேஸ் வராதாம்?

பொய். நம்ம நாட்டு 2007 ஆட்கடத்தல் சட்டத்துல உறுப்ப எடுக்கிறதும் சுரண்டல்தான், நீ சம்மதிச்சேன்னு காட்டி கடத்துனவன் தப்பிக்க முடியாது. ஐசி (அடையாள அட்டை), பாஸ்போர்ட் எதையும் அவன் கையில குடுக்காத.

செத்தப்புறம் குடுக்கலாம்னு இருக்கேன். உறுப்ப எடுத்தா அடுத்த பிறவியில குறையோட பிறப்பேன்னு பாட்டி சொல்றாங்க.

எரிக்கப் போற உடம்புதானேய்யா, அதுல ஒரு உயிர் பிழைச்சா புண்ணியம்தான்னு பாட்டிகிட்ட சொல்லு. போன்ல இருக்கிற மைசெஜாத்ரா ஆப்புலயே பதியலாம். பதிஞ்ச கையோட வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடு, அந்த நேரத்துல ஆஸ்பத்திரியில குடும்பத்தைதான் கேப்பாங்க, அவங்க வேணாம்னுட்டா எடுக்க மாட்டாங்க.