வேலை தெரிந்த நாவல்கள்

(வாசகர் கேள்வி பதில். இந்த இதழில் பதில் எழுதுபவர், தருமபுரி மாவட்டத்தில் கிளை நூலகராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.)

அண்மையில் யாருடைய சிபாரிசும் இல்லாமல், ஆசைக்காகவே நீங்கள் படித்த நாவல் எது? அதில் என்ன பிடித்தது?
– வாசகர், பாலக்கோடு

பூமணியின் 'வெக்கை'. முன்பே படித்ததுதான். இந்தக் கோடையில் மறுபடியும் எடுத்தேன், இரவு விளக்கை அணைக்க மனம் வரவில்லை.

1982-ல் வந்த நாவல் இது. 2019-ல் இதைத் தழுவி எடுத்த 'அசுரன்' படம் வெளியான பிறகு, நூலகத்தின் பக்கமே வராத இளைஞர்கள்கூட இதைக் கேட்டு வந்தார்கள். வாங்கிப் போனவர்களில் சிலர், "சண்டையே இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார்கள். உண்மைதான். தன் அண்ணனைக் கொன்றவனின் கையை வெட்டப் போகிறான் பதினைந்து வயதுச் சிதம்பரம், ஆள் செத்துப்போகிறான். அது தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. மீதி நாவல் முழுவதும் அப்பனும் மகனும் ஒளிந்து திரிவதுதான்.

ஒளிந்து திரிகிறவர்கள் என்ன செய்வார்கள்? சாப்பிட வேண்டும், தூங்க வேண்டும். எங்கே படுப்பது, எதைத் தின்பது, எந்தப் பக்கம் போனால் ஆள் கண்ணில் படாது என்பதுதான் அவர்களுடைய கவலை. அய்யா சோறாக்குகிறார். ஒரு கொலையைச் செய்துவிட்டு வந்த பையனுக்குத் தகப்பன் பொங்கிப் போடுகிறான் என்பதை பூமணி ஒரு சொல்கூட அலட்டாமல் எழுதிக்கொண்டே போகிறார். பாசம் என்ற பேச்சே எழவில்லை, ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அதுதான் இருக்கிறது. கரிசல் காட்டில் எந்தச் செடி எங்கே முளைக்கும், என்ன காய்க்கும் என்று தெரிந்த இருவர் அந்த நிலத்தை நம்பித்தான் பிழைக்கிறார்கள். படத்தைப் பார்த்தவர்கள் அதை மறந்துவிட்டு, புதிய கதையாக நினைத்து இதைப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எனக்கு நாவலில் பிடிப்பது இதுதான். கதைமாந்தர்களுக்குக் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். அந்த வேலை எழுதுகிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கதாநாயகன் எதைச் செய்து சம்பாதிக்கிறான் என்பதே கடைசிவரை தெரியாத நாவல்கள் நிறைய வருகின்றன. அவற்றில் எவ்வளவு அழகான சிந்தனை இருந்தாலும் என் மனம் ஒட்டுவதில்லை.

என் தகப்பனார் போச்சம்பள்ளிச் சந்தையில் ஆடு வாங்கி விற்பவர். கல்லூரி நூலகத்தில் 'பூனாச்சி' எடுத்துப் படித்தேன். ஆட்டுக்கு இவ்வளவு மனம் இருப்பதாக எழுதியிருப்பது மிகையாகப் படுகிறதே?
– மாணவி, கிருஷ்ணகிரி

மகளே, ஆட்டோடு வளர்ந்த ஒருவர் இப்படிக் கேட்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. பெருமாள்முருகன் 2016-ல் எழுதிய நாவல் அது. அதில் இரண்டு சரடுகள் இருக்கின்றன. தாயில்லாத ஒரு கறுப்புக் குட்டியைக் கிழவனும் கிழவியும் உயிர்ப்பித்து எடுப்பது ஒன்று. குட்டிக்குக் காது குத்திக் கணக்கில் பதிந்துகொள்ளும் அரசாங்கம், அதற்காக மக்கள் வரிசையில் நிற்பது என்று ஆட்சியைக் குத்திக் காட்டுவது இன்னொன்று.

இரண்டாவது சரடைத்தான் பலரும் புகழ்கிறார்கள். எனக்கு முதல் சரடே உயர்ந்தது. பிழைக்குமா பிழைக்காதா என்று தெரியாத குட்டியோடு அந்தக் கிழவி படும் பாட்டில் மிகை எதுவும் இல்லை. பூனாச்சி ஏழு குட்டி ஈனும் இடத்தைப் பாருங்கள். முதலில் அதிசயம், மழை பொய்த்தபின் அதே ஏழும் பாரம். எத்தனை வாய்க்குத் தீனி போட முடியும் என்ற கணக்கு நம் பக்கத்துக் குடியானவர் வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். ஆட்டின் மனதுக்குள் புகுந்து காதலையும் பிரிவையும் சொல்லும் சில பக்கங்களில் நீங்கள் சொல்லும் மிகை உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்று செய்யுங்கள். சில பக்கங்களை உங்கள் தகப்பனாருக்கு வாசித்துக் காட்டுங்கள். எங்கே தலையாட்டுகிறார், எங்கே "அப்படி இல்லை" என்கிறார் என்று எனக்கு எழுதுங்கள். என் கருத்தைவிட அவருடையது இந்த விஷயத்தில் பெரிது.

அதோடு பெருமாள்முருகனின் 'கூளமாதாரி'யையும் தேடிப் படியுங்கள். 2000-ல் வந்தது. கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்க விடப்பட்ட சிறுவன் கூளையனின் கதை. பசி, அடி, விளையாட்டு, நட்பு எல்லாம் மேய்ச்சல் காட்டிலேயே நடக்கின்றன. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் நான் 'கூளமாதாரி'யைத்தான் வைத்துக்கொள்வேன்.

பிடிக்காத நாவலைப் பாதியில் நிறுத்திவிடலாமா?
– வாசகர், பென்னாகரம்

தாராளமாக. ஆனால் ஐம்பது பக்கமாவது பொறுத்துப் பாருங்கள்.

'சோளகர் தொட்டி' படித்துவிட்டுப் பல நாள் தூக்கம் இல்லை. இதைப் பிடித்த நாவல் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. மகிழ்ச்சிக்காகப் படிக்கக்கூடிய புத்தகமா இது?
– வாசகி, அரூர்

அம்மா, அரூர்க்காரர் இந்தக் கேள்வியைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. வாச்சாத்தி உங்கள் பக்கத்து ஊர். 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் அங்கே மலைவாழ் மக்கள்மீது நடத்திய கொடுமைக்கு 2011 செப்டம்பரில்தான் தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது அந்தத் தீர்ப்பு. அந்த நினைவோடு ச. பாலமுருகனின் நாவலைப் படிக்கிறவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

ஆனாலும் கூச்சப்படாதீர்கள். 2004-ல் வந்த இந்த நாவலின் முற்பகுதியை நினைத்துப் பாருங்கள். ராகிக் காடு, காவல், தேன், பாட்டு, ஆட்டம் என்று சோளகர் பழங்குடியினரின் குடியிருப்பான ஒரு தொட்டி முழுவதும் உயிரோடு இருக்கிறது. வீரப்பனைத் தேடி வந்த அதிரடிப்படையின் சித்திரவதை பிற்பகுதியில்தான் வருகிறது. முற்பகுதியை நாம் அனுபவித்துப் படித்ததால்தான் பிற்பகுதி நம்மை இப்படி வதைக்கிறது. அந்த மக்களோடு இருந்தது உங்களுக்குப் பிடித்திருந்தது. அதைச் சொல்வதில் தவறே இல்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறோம். நான் தமிழில் படித்தவன், ஆனால் நாவல் படித்ததில்லை. எதில் தொடங்கலாம்?
– வாசகர், ஓசூர்

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராம'த்தில் தொடங்குங்கள் தம்பி. 1976-ல் வந்தது. தெலுங்கு தேசத்திலிருந்து தப்பி வந்து கரிசல் மண்ணில் ஊர் அமைத்தவர்களின் கதை. தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணியை நகைக்காக நீரில் அமுக்குகிறான் ஒரு கள்வன். அவள் அவன் கால்விரலைக் கடித்தபடியே சாகிறாள். இப்படித் தொடங்கும் நாவலைக் கீழே வைக்க முடியுமா? அதன்பின் நூறு வயதைத் தாண்டிய மங்கத்தாயாரு அம்மாள் பழைய கதையைச் சொல்கிறார். காட்டை எரித்து நிலமாக்கும் பகுதியை நிதானமாகப் படியுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இப்படி ஒரு கதை இருக்கக்கூடும். இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' 1991-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெண்கள் உழைப்பதைப் பற்றிய நாவல் ஒன்று?
– வாசகி, பர்கூர்

ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றியது. சில இடங்களில் கதைமாந்தர் மேடைப்பேச்சு போலப் பேசுவார்கள். அதைக் கடந்து போங்கள், உப்பளத்து வெயில் உங்களைச் சுடும்.

தருமபுரி, கிருஷ்ணகிரி என்ற நம் இரண்டு மாவட்டங்களையும் பற்றி எப்படிப்பட்ட நாவல் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள்?
– வாசகர், காவேரிப்பட்டணம்

மாந்தோப்பு நாவல். மரம் பூத்திருக்கும்போதே தோப்பைக் குத்தகைக்குப் பேசுகிறவர், காவலுக்குக் குடும்பத்தோடு வந்து குடிசை போடுகிறவர், மாம்பழக் கூழ் ஆலை வாசலில் பெங்களூரா ரக மாங்காய் லோடுடன் காத்திருக்கும் லாரி ஓட்டுநர், ஆலை என்ன விலை சொல்லும் என்று தெரியாமலே அறுத்துவிட்ட விவசாயி. இவர்கள் அத்தனை பேரும் ஒரே பருவத்தில் ஒரே தோப்பில் சந்திக்கிறார்கள். ஒரு காற்று மழை போதும், எல்லோருடைய கணக்கும் மாறிவிடும். அல்லது, விலை விழுந்து தக்காளியைச் செடியிலேயே விட்டுவிட்ட பாலக்கோட்டுக் குடும்பம் கட்டட வேலைக்குப் பெங்களூரு பஸ் ஏறும் கதை. இதை வெளியிலிருந்து வந்து பார்த்து எழுதினால் போதாது. தோப்பில் காவல் படுத்தவரோ, அவருடைய மகளோ எழுத வேண்டும்.

யாராவது எழுதத் தொடங்கியிருந்தால் முதல் இரண்டு அத்தியாயங்களை இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதியதாக இருந்தாலும் சரி, படித்துவிட்டு விரிவாகப் பதில் எழுதுகிறேன்.