பாலியில் குவாட் பைக்கும் எரிமலையும் ஒரே நாளில்: அப்பா அம்மாவோடு போகலாமா?

வேலூரிலிருந்து குடும்பத்தோடு பாலிக்குப் போகிறோம், குவாட் பைக் என்கிற நான்கு சக்கர பைக்கை ஓட்டுவதையும் எரிமலை பார்ப்பதையும் ஒரே நாளில் சேர்த்து ஒரு சுற்றுலா சொல்கிறார்கள், அறுபது தாண்டிய அப்பா அம்மாவுக்கு அது ஒத்துவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் காட்பாடி பக்கம். 2024 ஜூன் கடைசியில் நான், மனைவி, அப்பா, அம்மா நால்வரும் போய் வந்தோம்.

போகலாம், தாராளமாகப் போகலாம். ஆனால் எரிமலையை முதலில் வையுங்கள், பைக்கை அப்புறம் வையுங்கள். முடிந்தால் பைக்கையே எரிமலைக் குழம்பு உறைந்த கரிய பாறைமேல் ஓட்டுகிற மாதிரி ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், நாங்கள் இரண்டு விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டோம்.

முதல் நாள் பயண ஏற்பாட்டாளர் கொடுத்த வரிசைப்படி போனோம். காலை ஒன்பது மணிக்கு உபுத் என்கிற ஊர்ப் பக்கத்தில் குவாட் பைக். அதன்பின் தெகல்லாலாங் படிக்கட்டு வயல், ஒரு காபித் தோட்டம், சாப்பாடு. இரண்டு மணிக்குத்தான் கிந்தாமணி மலைப்பகுதியில் பெனலோக்கான் என்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அந்த ஊர்ப்பெயருக்கே 'பார்க்கும் இடம்' என்றுதான் பொருள். நாங்கள் பார்த்தது வெள்ளைத் திரை மட்டும். எரிமலை இருக்கும் திசையைக் கூட ஓட்டுநர் கைகாட்டித்தான் சொல்ல வேண்டியிருந்தது. வெயில் ஏற ஏறக் கடல்பக்கத்து ஈரக்காற்று மலைச்சரிவில் மேலே வந்து, குளிர்ந்து, மேகமாகி நின்றுவிடுகிறது. அங்கே பல நாள் மதியத்துக்குமேல் இப்படித்தான் என்று அவர் சொன்னார். முக்கால் மணி நேரம் நின்றோம். அப்பா ஒன்றும் பேசவில்லை, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அப்பா நாற்பது வருஷம் கல் வேலை செய்தவர். அம்மி, ஆட்டுக்கல், வாசற்படி, கோயில் தூண் என்று எல்லாம் அவர் கையால் கொத்தியது. வேலூரைச் சுற்றி நிற்கிற மொட்டை மலைகளில் எதைக் காட்டினாலும், அந்தக் கல் உளிக்கு எப்படிப் பிளக்கும் என்று சொல்வார். பாலிக்கு வர அவர் ஒத்துக்கொண்டதே எரிமலை என்ற ஒரு வார்த்தைக்காகத்தான். கிருத யுகத்தில் நெருப்பாக இருந்த மலை கலியுகத்தில் கல்லாகி நிற்கிறது என்று திருவண்ணாமலையைப் பற்றி எங்கள் பக்கம் சொல்வார்களே, பழைய வடாற்காட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது தெரியும். "நெருப்பா கீற மலையைப் பார்க்காம வுட்டுட்டு வரக்கூடாதுடா" என்று கிளம்பும்போதே சொல்லியிருந்தார்.

அதனால் மறுநாள் ஓய்வுக்கு என்று விட்டிருந்த நாளை எடுத்துக்கொண்டு, அதே ஓட்டுநரைத் தனியாக அமர்த்தி, காலை ஐந்தரைக்கே உபுத்தை விட்டுக் கிளம்பினோம். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பாதை. ஏழு மணிக்கு அதே வேலி ஓரம் நின்றபோது மொத்தமும் தெரிந்தது.

அந்தக் காட்சியைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், தெரிந்துகொண்டு பார்த்தால் அது வேறு. நீங்கள் நிற்பது ஒரு மாபெரும் பள்ளத்தின் விளிம்பு. ஒரு பக்கம் 13 கிலோமீட்டருக்கு மேல், இன்னொரு பக்கம் 10 கிலோமீட்டர். முன்னொரு காலத்தில் அங்கே இருந்த பெரிய எரிமலை சுமார் 29,000 ஆண்டுக்கு முன்னும், மறுபடி சுமார் 20,000 ஆண்டுக்கு முன்னும் வெடித்து, உள்ளிருந்த குழம்பெல்லாம் வெளியேறியதும் தாங்கமுடியாமல் உள்ளே இடிந்து விழுந்ததால் உண்டான பள்ளம் அது. அதன் நடுவில் பிறகு முளைத்த கூம்புதான் இன்றைய பாத்தூர் மலை, உயரம் 1,717 மீட்டர். பக்கத்தில் பிறை மாதிரி வளைந்து கிடக்கிறது பாத்தூர் ஏரி, பாலியிலேயே பெரியது. கூம்பின் அடியிலிருந்து தார் ஊற்றிவிட்ட மாதிரி கறுப்பாகப் பரவிக் கிடப்பது 1963, 1968, 1974 ஆண்டுகளில் வழிந்த குழம்பு. கடைசியாக அந்த மலை பொங்கியது 2000-ஆம் ஆண்டு.

அப்பா பிறந்தது 1961. விஷயத்தைச் சொன்னதும் திரும்பி என்னைப் பார்த்தார். "அப்போ இந்தக் கல்லுக்கு நான் அண்ணனா?" என்று கேட்டார். எங்கள் ஊர்ப் பாறைகள் 250 கோடி ஆண்டு அளவுக்குப் பழையவை. அவற்றை உடைத்தே வாழ்ந்த மனிதருக்குத் தன்னைவிடச் சின்ன வயதுக் கல்லைப் பார்க்க முடிந்தது. அந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த மிகப்பெரிய சந்தோஷம் அதுதான்.

பின்பு பள்ளத்துக்குள் இறங்கினோம். இறங்குகிற பாதை செங்குத்து, வளைவுகள் அதிகம், எதிரே மணல் லாரிகள் ஏறிவரும். கார் ஓட்ட நன்றாகத் தெரிந்தாலும் உள்ளூர் ஓட்டுநரிடமே விட்டுவிடுங்கள். கீழே லாவா பரப்பில், அதாவது அந்தக் குழம்பு உறைந்த பாறைமேல், ஜீப்பும் உண்டு, குவாட் பைக்கும் உண்டு. அப்பாவுக்கு முதுகுத்தண்டில் பழைய வலி இருப்பதால் அவரும் அம்மாவும் ஜீப்பில், நானும் மனைவியும் ஆளுக்கொரு பைக்கில் என்று பிரித்துக்கொண்டோம். உங்களுக்கும் இதையே சொல்வேன். முதுகு, கழுத்து, இதயத்தில் தொந்தரவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் குவாட் பைக்கில் ஏறவே கூடாது, பின்சீட்டில் கூட வேண்டாம். அந்தக் குலுக்கல் நம் கிராமத்து மண்சாலைக் குலுக்கலைவிடப் பல மடங்கு. ஜீப்பும் குலுங்கும், ஆனால் பிடித்துக்கொண்டு உட்கார முடியும், நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள்.

நம் ஊரில் எல்லோருக்கும் டூவீலர் ஓட்டத் தெரியும் என்பதால் குவாட் பைக் சுலபம் என்று நினைத்துவிடுவோம். உண்மையில் அந்தப் பழக்கம்தான் ஆபத்து. இதில் கியர் மாற்றும் வேலை இல்லை, ஆக்சிலரேட்டர் வலது கட்டைவிரலால் தள்ளுகிற ஒரு சின்ன நெம்புகோல். திருப்பத்தில் வண்டி சாயாது, அது நான்கு காலில் நிற்கிறது. அதனால் ஹேண்டில்பாரைத் திருப்பும்போது உங்கள் உடம்பைத்தான் திருப்பத்தின் உட்பக்கம் சாய்க்க வேண்டும். ஏற்றத்தில் முன்னால் குனியுங்கள், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், வண்டி ஓடும்போது காலைக் கீழே ஊன்றவே ஊன்றாதீர்கள். பைக் தடுமாறினால் காலை ஊன்றுவது நமக்கு ஊறிப்போன வழக்கம், இங்கே ஊன்றினால் பின்சக்கரம் அந்தக் காலின்மேல் ஏறும். முதல் நாள் உபுத் சேற்றில் ஒரு திருப்பத்தில் என் மனைவியின் கால் தன்னாலே இறங்கிவிட்டது, பின்னால் வந்த வழிகாட்டி போட்ட சத்தத்தில்தான் மேலே தூக்கினாள். அங்கே கிளம்புவதற்கு முன் எங்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு நிமிடம்கூட இல்லை. நீங்கள் கேட்டு வாங்குங்கள், சமதரையில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்காமல் கிளம்பமாட்டேன் என்று சொல்லுங்கள். ஹெல்மெட் வார் இறுகவில்லை என்றால் வேறு கேளுங்கள்.

உபுத் பக்கத்து ஓட்டம் மோசம் என்று சொல்ல வரவில்லை. வயல் வரப்பு, மூங்கில் தோப்பு, ஓடை, சேறு என்று வாலிபப் பிள்ளைகள் கூச்சலிட்டு மகிழ்கிற இடம்தான். ஆனால் லாவா மேல் ஓட்டுவது வேறு அனுபவம். டயருக்கடியில் கரிய சரளை நொறுங்குகிற சத்தம், இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் குத்திட்டு நிற்கிற கறுப்புப் பாறைகள், அதன் இடுக்கில் பெரணியும் புல்லும். தலையைத் தூக்கினால் எதிரிலேயே மலை. வேகமாக ஓட்டத் தோன்றவே இல்லை, நானும் அவளும் பாதி நேரம் நிறுத்திப் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தூசி மட்டும் பொல்லாதது. கண்ணாடியும் முகக்கவசமும் முழுக்கைச் சட்டையும் மூடிய ஷூவும் இல்லாமல் போகாதீர்கள். அந்தக் கல் விழுந்தவர் தோலைச் சீவிவிடும்.

அப்பா ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கி ஒரு கல்லைக் கையில் எடுத்தார். "இன்னாடா இது, கல்லு தக்கையாட்டம் கீது!" உருகிய பாறைக்குள் கரைந்திருக்கிற வாயு, மேலே வந்து அழுத்தம் குறைந்ததும் பொங்கி வெளியேறப் பார்க்கும். அதற்குள் கல் இறுகிவிட்டால் குமிழி குமிழியாக ஓட்டை நின்றுவிடும். நம் ஊர்ப் பாறையோ பல கிலோமீட்டர் ஆழத்தில், மேலே அத்தனை பாரத்தையும் தாங்கிக்கொண்டு உருவானது. மேலிருந்ததெல்லாம் கோடிக்கணக்கான ஆண்டு அரித்துப்போன பிறகு இன்று வெளியே தெரிகிறது. அதனால்தான் அது அவ்வளவு கெட்டி. இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அப்பா இன்னொரு கல்லை எடுத்து, ஓட்டை குறைவாக இருந்த பக்கத்தை நகத்தால் தட்டி, "இதுல மிளகா அரைக்கலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான். மதியம் சாப்பிடப் போன கடையின் அடுப்படியில் சோபெக் என்கிற வட்டமான அரைக்கும் கல் இருந்தது, இந்தோனேசியாவில் எரிமலைக் கல்லிலும் அதைக் கொத்துகிறார்கள். கடைக்கார அம்மாவிடம் கேட்டு அப்பா அதைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். இருவருக்கும் ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாது, கல்லைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். லாவா கல்லை எடுத்துப் போக வேண்டாம் என்று வழிகாட்டி சொன்னதால், எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. அம்மா சுத்த சைவம். அங்கே காய்கறிச் சோறு என்று கொண்டுவருவதிலும் தெராசி என்கிற இறால் விழுது இருக்கலாம். 'தன்பா டாகிங், தன்பா இகான், தன்பா தெராசி' என்று சொல்லுங்கள், இறைச்சி, மீன், இறால் விழுது இல்லாமல் என்று அர்த்தம். நாங்கள் இட்லிப்பொடியும் எடுத்துப் போயிருந்தோம்.

திரும்பும் வழியில் விளிம்பின்மேல் இருக்கிற உலுன் தானு பாத்தூர் கோயிலை விட்டுவிடாதீர்கள். இந்தக் கோயில் முதலில் கீழே, மலையடியில் இருந்தது. 1926-இல் வந்த குழம்பு ஊரையும் கோயிலையும் மூடியபின், மக்கள் தங்கள் ஊரையும் தெய்வத்தையும் மேலே கொண்டுவந்து வைத்துக்கொண்டார்கள். ஏரியின் தாயான தேவி தானுவுக்கு உரிய கோயில். கீழே பாலியின் வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுகிற சுபாக் என்கிற உழவர் சங்கங்கள் இந்தத் தாயைத்தான் நீரின் உரிமைக்காரியாகக் கும்பிடுகின்றன. ஏரி மதகைத் திறக்க ஊருக்கு ஒருவர் இருந்த காலத்தை அறிந்தவர் அம்மா. அவர் அங்கே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். வேட்டி மாதிரி சாரோங் கட்டித்தான் உள்ளே போக வேண்டும், வாசலிலேயே கிடைக்கும்.

பயமாக இருக்குமா என்று உங்கள் அம்மா கேட்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். இந்தோனேசியாவில் எரிமலைகளை நான்கு நிலையாகப் பிரித்து அரசே அறிவிக்கிறது, நான்காவதான 'ஆவாஸ்' தான் உச்சம். பக்கத்து ஆகுங் மலைக்கு 2017 செப்டம்பரில் அந்த நிலை வந்தது, நவம்பரில் சாம்பலால் விமான நிலையத்தையே சில நாள் மூடினார்கள். அதே ஆகுங் 1963-இல் வெடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆகவே கிளம்பும் வாரத்தில் இரண்டு மலைகளின் நிலையையும் பாருங்கள். பயணக் காப்பீடு எடுக்கும்போது குவாட் பைக் விபத்து அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள், பல காப்பீடுகளில் அதை விலக்கியிருப்பார்கள். இறங்கியதும் வாங்குகிற விசாவுக்கு ஆளுக்கு 5 லட்சம் ரூபியா, 2024 பிப்ரவரியிலிருந்து சுற்றுலா வரி 1.5 லட்சம் ரூபியா தனி. சென்னையிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூரில் விமானம் மாறிப் போகலாம்.

நீங்கள் மே விடுமுறையில் போவதென்றால் நல்ல காலம்தான், மழை ஓய்ந்திருக்கும். ஆனால் வேலூரில் நாற்பது டிகிரியைத் தாண்டுகிற நேரத்தில் கிளம்புகிறவர்களுக்குக் கம்பளி எடுக்கத் தோன்றாது. நாங்கள் வேலி ஓரம் நின்ற காலை ஏழு மணிக்கு 17 டிகிரி, காற்று வேறு. அப்பாவுக்கு ஒரு மங்க்கி குல்லா, அம்மாவுக்கு ஒரு சால்வை கட்டாயம் எடுத்து வையுங்கள்.