யானைப் படத்தை ஏன் கவிழ்த்தான்?

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 7 வயது, சின்னவளுக்கு 4. வீட்டில் இருக்கும் ஒரே பழைய டேப்லெட்டுக்கு இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். அதற்கு என் கணவர் கண்டுபிடித்த தீர்வு, விடுமுறைக்கு முன்பே ஆளுக்கொன்று வாங்கிக் கொடுத்துவிடுவது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகப் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டார். இப்போது நான் மறுத்தால் கெட்டவள் நான்தான்.

ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருப்பதை எடுத்துக் காட்டினேன். 'என் தங்கை பிள்ளைகளிடம் ஆளுக்கொன்று இருக்கிறது, கெட்டா போய்விட்டார்கள்?' என்கிறார். எதற்கெடுத்தாலும் நாத்தனார் வீட்டு உதாரணம்தான். அந்தப் பிள்ளைகள் சாப்பிடும்போது தட்டை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது மட்டும் இவர் கண்ணில் படாது.

நான் அலாரம் வைத்துத்தான் கொடுக்கிறேன். அரை மணி நேரம். மணி அடித்ததும் வாங்கி வைத்துவிடுவேன். சின்னவள் தரையில் புரண்டு அழுவாள். 'இன்னும் 5 நிமிடம் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?' என்பார் கணவர். மாமியார் தன் கைப்பேசியை எடுத்து அவளிடம் நீட்டுவார், அதுவும் என் கண்ணெதிரிலேயே. மூத்தவனிடம் இந்தத் தொல்லை இல்லை, அழ மாட்டான். நான் அறைக்குள் வருகிற சத்தம் கேட்டாலே டேப்லெட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவான். ஒரு நாள் எடுத்துப் பார்த்தால் வெறும் யானைப் படங்கள். அதை எதற்கு மறைத்தான் என்று தெரியவில்லை. அது போகட்டும், நான் சொல்ல வந்தது மாமியாரைப் பற்றி. நான் போடும் எந்த விதிக்கும் இந்த வீட்டில் மதிப்பில்லை. அதைச் சொன்னால், 'நீ வீட்டுக்குள் போலீஸ் வேலை பார்க்கிறாய்' என்று கணவர் சிரிக்கிறார்.

ஆளுக்கொன்று வாங்கலாமா, கூடாதா? அவரிடம் காட்டுகிற மாதிரி தெளிவாக ஒரு பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
வீட்டின் ஒரே கெட்டவள்

*

அன்புள்ள சகோதரி,

முதலில் கணவரிடம் காட்டுவதற்கானது: இப்போது ஆளுக்கொன்று வேண்டாம். ஒன்று போதும், அது வீட்டுக்குப் பொதுவானதாக, கூடத்தில் இருக்கட்டும். சண்டை வரும், வரட்டும். முறை வைத்துப் பகிர்ந்துகொள்வதை அந்தச் சண்டையில்தான் கற்பார்கள். தனித்தனியாகக் கொடுத்தால் சத்தம் குறையும், ஆனால் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிவிடுவார்கள். உங்களைக் கேட்காமல் பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்ததும் தவறு. இந்த வரியையும் சேர்த்தே காட்டுங்கள்.

வழக்கில் வென்றுவிட்டீர்கள். அந்த மகிழ்ச்சி ஒரு மாலைப்பொழுதுக்கு மேல் தாங்காது என்பது என் கணிப்பு. ஏனென்றால் உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது நாத்தனாரோ மாமியாரோ இல்லை. 'அது போகட்டும்' என்று நீங்கள் தாண்டிப் போன யானைதான்.

7 வயதுப் பையன் யானைப் படம் பார்க்கிறான். அதில் மறைக்க ஒன்றுமில்லை என்பது அவனுக்கும் தெரியும். ஆனாலும் உங்கள் காலடிச் சத்தம் கேட்டதும் கை தானாகக் கவிழ்க்கிறது. படத்தை அவன் மறைக்கவில்லை, அம்மா. நீங்கள் வந்து வாங்கிவிடுவதற்குள் தானே முடித்துக்கொள்கிறான். சின்னவள் அழுது உங்களோடு மல்லுக்கு நிற்கிறாள். அவளைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவன் சத்தமில்லாமல் விலகிவிடுகிறான். 'இந்தத் தொல்லை இல்லை' என்று நீங்கள் எழுதிய பிள்ளைதான் நீங்கள் உட்கார்ந்து கவனிக்க வேண்டிய பிள்ளை.

வருத்தப்படுவீர்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்: போலீஸ் என்று சிரிக்கிற கணவர் சிரித்ததுதான் தவறு, சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அலாரம், கைப்பற்றல், சோதனை. இவற்றுக்கு நடுவில் அவன் என்ன பார்த்தான் என்று கேட்டதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. நீங்கள் கல்நெஞ்சக்காரி என்று நான் நினைக்கவில்லை. வீட்டில் யாரும் துணைக்கு வராதபோது விதிதான் ஒரே பிடிமானமாகத் தெரியும். அதை இறுகப் பிடித்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

நீங்கள் எடுத்துக் காட்டிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 2019இல் வந்தது. அது 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானது. உங்கள் மகளுக்குப் பொருந்தும், மகனுக்கு அந்த 1 மணி நேரக் கணக்கு எழுதப்படவே இல்லை. அது ஓடியாடுவதையும் தூக்கத்தையும் சேர்த்துப் பேசுகிற ஆவணம். குழந்தை உட்கார்ந்திருக்கும் நேரத்தில் பெரியவர் ஒருவர் கூட இருந்து படித்துக்காட்டுவதையும் கதை சொல்வதையும் ஊக்குவிக்க வேண்டும் என்ற வரி அதிலேயே இருக்கிறது. நீங்கள் நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தப் பெரியவரை விட்டுவிட்டீர்கள்.

இன்றைக்குக் கவிழ்ப்பது யானையை. அவனுக்குப் பத்து வயதாகும்போது, தேடாமலே ஏதோ ஒரு விகாரமான காட்சி திரையில் வந்து நிற்கும். பெற்றோர் கட்டுப்பாட்டு வசதி எத்தனை பூட்டுப் போட்டாலும் ஒன்றிரண்டு நழுவி வரத்தான் செய்யும். அப்போது பயந்துபோய் 'அம்மா, இதைப் பாருங்கள்' என்று ஓடிவருவானா, பழகிய கையால் கவிழ்த்துவிட்டுத் தனியாகப் பயப்படுவானா? இது இந்த வயதிலேயே முடிவாகிக்கொண்டிருக்கிறது. டேப்லெட் ஒன்றா இரண்டா என்பது இதற்குப் பிறகு வரவேண்டிய கேள்வி.

சின்னவளுக்கு ஒரு சிறு யோசனை. அரை மணி என்பது 4 வயதுக்குப் புரியாத கணக்கு. கதை நடுவில் அலாரம் அடித்தால் யாராக இருந்தாலும் புரளத்தான் தோன்றும். ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். 'இந்தக் கதை முடிந்ததும் வைத்துவிடுவோம்' என்று முன்பே சொல்லுங்கள். முதல் சில நாட்கள் அப்போதும் அழுவாள். மாமியாரைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அவரிடம் பேச வேண்டியவர் அவருடைய மகன்.

நாளைக்கு மகனின் அறைக்குள் போகும்போது கையை நீட்டாதீர்கள். கவிழ்த்தால் கவிழ்க்கட்டும், எடுத்துப் பார்க்க வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவன் பார்த்த யானை ஆப்பிரிக்காவினுடையதா ஆசியாவினுடையதா என்று கேளுங்கள். காது பெரிதாக இருந்தால் ஆப்பிரிக்க யானை. அது உங்களுக்கு இப்போது தெரிந்துவிட்டது, ஆனாலும் அவனே சொல்லட்டும்.