விரல்ல எடுத்த ஒரு சொட்டு ரத்தமும் மூணு மாச மாத்திரையும்

கேள்வி: டாக்டருங்க, வணக்கமுங்க. எங்க வீட்டுக்காரருக்கு 52 வயசு, திருப்பூர்ல சாயப்பட்டறைக்கு நைட் ஷிப்ட் போறாருங்க, பீடிய விடவே மாட்டேங்கறாரு. போன வாரம் ஒரு கேம்ப்ல விரல்ல குத்திப் பாத்துட்டு ஃப்ரீ ராடிகல் 380 இருக்கு, 300 தாண்டக்கூடாதுன்னு சொல்லி மூணு மாசத்துக்கு பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்துட்டாங்க. தரலாமுங்களா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, மொதல்ல அந்த மாத்திரைய நிறுத்திருங்க, மத்ததெல்லாம் அப்புறம் பேசலாம். பீட்டா கரோட்டின்ங்கறது காய், கீரைல இருக்கற, உடம்புல வைட்டமின் ஏ-வா மாறுற சத்துதான், ஆனா மாத்திரையாச் சாப்பிட்டா பீடி குடிக்கறவங்களுக்கு அது ஆகவே ஆகாதுங்க. பின்லாந்துல புகை பிடிக்கற ஆம்பளைங்க 29,133 பேர வெச்சு ஒரு ஆராய்ச்சி நடந்துச்சு, அதுல ஒரு பகுதிப் பேருக்கு தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் வருஷக்கணக்கா குடுத்தாங்க, நுரையீரல் புத்துநோய் குறையும்னு நம்பித்தான் குடுத்தாங்க, 1994ல ரிசல்ட் வந்தப்ப பாத்தா மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு 18 சதவீதம் கூடியிருந்துச்சு. அமெரிக்காவுலயும் இதே மாதிரி ஒண்ண 1996ல பாதியிலயே நிறுத்த வேண்டியதாப் போச்சு. அரசாணிக்காய், முருங்கைக்கீரைல இருக்கற கரோட்டினுக்கு இந்தப் பயம் இல்லீங்க, தாராளமா ஆக்கிப் போடுங்க.

அந்த 380 என்னன்னு கேட்டீங்கன்னா, ஃப்ரீ ராடிகல்ங்கறது உடம்புல உண்டாகி பக்கத்துல இருக்கறதக் கெடுக்கற ஒரு வகை மூலக்கூறு, பெரும்பாலும் ஒரு நொடி கூட நிக்காது, அதனால அது கொழுப்பையும் புரதத்தையும் கெடுத்துட்டுப் போன தடத்தத்தான் அளக்கறாங்க. உடம்புல எங்கயாவது அழற்சி இருந்தாலும் அந்த நம்பர் கூடும், பீடியாலயும் கூடும். ஆராய்ச்சி பண்றவங்க மூத்திரத்துல ஐசோப்ரோஸ்டேன்னு ஒண்ணு பாக்கறாங்க, இதைவிட நம்பகமானது, ஆனா அதுலயும் இவ்வளவு வந்தா இந்த மாத்திரைன்னு வைத்தியத்துல கணக்கு ஒண்ணும் கெடையாதுங்க.

அளக்கறதுன்னா பிரஷர், மூணு மாச சர்க்கரை, கொலஸ்ட்ரால் இத அளந்துருங்க. ரத்தத்துல சர்க்கரை ஏறி நின்னாலே ஃப்ரீ ராடிகல் பண்ற இந்தக் கெடுதல், அதாவது ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ், கூடும், சர்க்கரைக்கு மருந்தும் இருக்கு. பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்துலயே காசில்லாம பாப்பாங்க. ஷிப்ட் முடிஞ்சு வந்து படுக்கறப்ப ஜன்னல்ல கெட்டித் துணி போட்டு இருட்டாக்கி விடுங்க, பகல்ல தூக்கம் கெட்டாலும் உடம்பு கெடும்.

பீடிதான் பெரிய வேலை. திட்டாதீங்க, திட்டினா ஒளிச்சு வெச்சுக் குடிப்பாரு. 1800-11-2356ன்னு அரசாங்கத்தோட நம்பர், காசு ஆகாது, புகையிலைய விடறதுக்குன்னே வெச்சிருக்காங்க, நீங்க பேசாம அவரையே பேசச் சொல்லுங்க.