துறுதுறு பிள்ளைக்கு ஜிங்க் கொடுக்கலாமா? உணவியல் ஆலோசகர் பதில்கள்

மதுரைப் பக்கத்துப் பெற்றோர்கள் கேட்டவை:

திருமங்கலம்: அக்கா, பையனுக்கு ஏழு வயது. ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகையான துறுதுறுப்பும்) என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஜிங்க் மாத்திரை கொடுத்தால் அடங்கிவிடுவான் என்கிறார் சொந்தக்காரர் ஒருவர். வாங்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். துருக்கி, ஈரான் ஆய்வுகள் 2004-இல் ஓரளவு பலன் காட்டியது உண்மைதான். 2011-இல் அமெரிக்காவில் செய்த ஆய்வில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஏற்கெனவே ஜிங்க், அதாவது துத்தநாகம், குறைந்த பிள்ளைகளுக்குத்தான் அது கைகொடுக்கிறது என்பது என் கணிப்பு. அளவு தெரியாமல் மாதக்கணக்கில் கொடுத்தால் உடம்பில் தாமிரம் குறையும். டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

உசிலம்பட்டி: மகளுக்கு எட்டு வயது. சிலேட்டுக் குச்சியைத் தின்கிறாள், ராத்திரி காலை உதறிக்கொண்டே கிடக்கிறாள், பாடத்தில் கவனமே இல்லை. ஹீமோகுளோபின் 11.8, நார்மல் என்கிறார்கள்.

இதைத்தான் விடக்கூடாது. அந்த வயதுக்கு 11.5-க்கு மேல் இருந்தால் ரத்தசோகை இல்லை என்பார்கள். ஆனால் உடம்பு முதலில் கரைப்பது சேமிப்பில் உள்ள இரும்பை. ஹீமோகுளோபின் இறங்குவது கடைசியில்தான். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை. அதைத் தனியாக எழுதித் தரும்படி டாக்டரிடம் கேளுங்கள். காய்ச்சல், சளி இருக்கும்போது எடுக்காதீர்கள், அளவு பொய்யாக ஏறிக் காட்டும்.

குச்சி, மண், சாம்பல் தின்பதும் கால் உதறலும் இரும்புக் குறையோடு அடிக்கடி சேர்ந்து வருபவை. மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் உருவாக இரும்பு தேவை. கவனத்துக்கும் டோபமைனுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. பாரிஸில் 2004-இல் வந்த ஓர் ஆய்வில், ஏ.டி.எச்.டி. பிள்ளைகளில் 84 சதவீதம் பேருக்கு ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்தது. மற்ற பிள்ளைகளில் 18 சதவீதம்தான். சின்ன ஆய்வு அது. இரும்புக் குறைதான் காரணம் என்று அதை வைத்துச் சொல்லிவிட முடியாது. இருந்தாலும் உங்கள் மகளுக்குப் பார்த்தே ஆக வேண்டும். குறைவு என்று வந்தால் பள்ளியில் வாரம் ஒன்று தரும் மாத்திரை போதாது, அது தடுப்புக்கு. எடைக்கு ஏற்ற அளவை டாக்டர் எழுதுவார். குடற்பூச்சி மருந்து எப்போது கொடுத்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

மேலூர்: கேழ்வரகு, கம்பு, கருப்பட்டி போதாதா அக்கா?

சாப்பிடட்டும், நல்லதுதான். ஆனால் தானியத்தில் உள்ள ஃபைட்டேட் என்ற பொருள் இரும்பைச் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள். சாப்பாட்டோடு டீ கூடவே கூடாது. கறி சாப்பிடும் வீடென்றால் வாரம் ஒருநாள் ஆட்டுச் சுவரொட்டி (மண்ணீரல்) வாங்குங்கள், அதற்கு ஈடு இல்லை. கருப்பட்டியை மட்டும் நம்பி இருக்காதீர்கள்.

வில்லாபுரம்: முடியை வெட்டி அனுப்பினால் எல்லாத் தாதுவும் சொல்கிறார்களாமே?

காசுக்குக் கேடு. ஷாம்பு, தண்ணீர், தூசி எல்லாம் அதில் கலக்கும். ரத்தப் பரிசோதனை போதும்.

தெற்குவாசல்: வீட்டுக்காரர் பழைய பேட்டரி பிரிக்கும் வேலை பார்க்கிறார். பையன் இப்போதெல்லாம் ரொம்ப முரட்டுத்தனம். சம்பந்தம் இருக்குமா?

இருக்கலாம். பழைய பேட்டரியில் உள்ள காரீயம் (லெட்) கவனத்தையும் நடத்தையையும் கெடுக்கும். இந்த அளவு வரை பரவாயில்லை என்று அதற்கு ஒரு எல்லையே கிடையாது. இரும்பு குறைந்த பிள்ளையின் குடல் காரீயத்தை இன்னும் அதிகமாக இழுக்கும். அரசு ராஜாஜி மருத்துவமனைக் குழந்தைகள் பிரிவுக்குப் போய் அப்பாவின் வேலையை முதலிலேயே சொல்லி, ரத்தத்தில் காரீய அளவு பார்க்கக் கேளுங்கள். அவர் குளித்து உடை மாற்றிய பிறகுதான் பையனைத் தூக்க வேண்டும். அந்தத் துணியைத் தனியாகத் துவையுங்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு பற்றியும் பலர் கேட்கிறீர்கள். அசல் சொம்பு வெள்ளீயம், வேறு உலோகம். மலிவாகக் கிடைப்பதில் காரீயம் கலந்திருக்கலாம், அதை ஒதுக்கிவிடுங்கள்.

சோழவந்தான்: இரும்பு சிரப் ஆரம்பித்தாயிற்று. ஏ.டி.எச்.டி. மருந்தை நிறுத்திவிடலாமா? மலம் கறுப்பாகப் போகிறதே?

நிறுத்தாதீர்கள். இரும்பு குறையை நிரப்பும், அந்த மருந்தின் வேலையைச் செய்யாது. மலம் கறுப்பது சிரப்பினால்தான். தார் மாதிரி ஒட்டினாலோ வயிறு வலித்தாலோ மட்டும் டாக்டரிடம் காட்டுங்கள். பல்லில் கறை பிடிக்காமல் இருக்கக் குடித்ததும் வாய் கொப்பளிக்கச் சொல்லுங்கள். பாட்டிலைப் பூட்டி வையுங்கள். சின்னப் பிள்ளை ஒரேயடியாகக் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து, உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.