பொன் கணக்கு: நகையின் பெறுமதியை எப்படி முடிவு செய்கிறார்கள்?

2 பவுன் சங்கிலி வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அவசரத்துக்கு விற்கப் போனால், வாங்கிய கடையிலேயே பெரிய தொகையைக் குறைத்துச் சொல்கிறார்கள். தங்க விலையும் இறங்கவில்லையே?
– வாசகி, ஹட்டன்

நீங்கள் கொடுத்த பணம் முழுவதும் தங்கத்துக்குப் போகவில்லை. கணக்குக்காக 22 கரட் பவுன் 220,000 ரூபா என்று வைத்துக்கொள்வோம். பவுன் 8 கிராம். 2 பவுனுக்குத் தங்கம் 440,000. அதன்மேல் சேதாரம் 8 வீதம் என்றால் 35,200, செய்கூலி 20,000. மொத்தம் 495,200. திருப்பி விற்கும்போது சேதாரமும் கூலியும் ஒரு சதம்கூட வராது. மிஞ்சிய 440,000 இலும் கடைக்காரர் தன் வாங்கும் விலையைத்தான் பார்ப்பார். அது விற்கும் விலையைவிட 3 வீதம் குறைவென்றால் கையில் வருவது 426,800. ஆக 68,400 ரூபா போய்விட்டது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை.

நுணுக்க வேலை கூடக் கூட இந்த இழப்பும் கூடும். நாளைக்கு விற்க வேண்டி வரலாம் என்று நினைப்பவர்கள் வேலைப்பாடு குறைந்த, கனத்த சங்கிலியாக வாங்குவது நல்லது. காசாகக் கேட்காமல் வேறு நகையாக மாற்றினால் கழிவு சற்றுக் குறையலாம். ஆனால் புது நகைக்கு மறுபடியும் கூலி கட்ட வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்பாயி விட்டுப்போன 3 பவுன் அட்டியலை ஒரு கடையில் 21 கரட் என்றார்கள், இன்னொரு கடையில் 19 என்றார்கள். யாரை நம்புவது?
– வாசகர், பொகவந்தலாவை

இரண்டு பேருமே உண்மையைச் சொல்லியிருக்கலாம். பழைய நகையில் எல்லா இடமும் ஒரே மாற்று, அதாவது தங்கத்தின் தரம், இருக்காது. தகடு நல்ல தங்கமாக இருக்கும். பொடி (துண்டுகளை ஒட்டவைக்கும் கலப்பு உலோகம்) வைத்துப் பற்றவைத்த இணைப்புகளில் மாற்று இறங்கும். அந்தப் பொடி நகைக்கு முன்னால் உருக வேண்டும் என்பதற்காகவே அதில் செம்பும் வெள்ளியும் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அட்டியலில் இணைப்புகள் ஏராளம். எந்த இடத்தில் உரைத்தார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

உரைகல்லில் நகையை ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த ஆணிகளால் கோடுகள் இழுப்பார்கள். மேலே அமிலத் துளி விட்டு, எந்தக் கோட்டோடு சேர்ந்து நிறம் மங்குகிறது என்று பார்ப்பார்கள். தேர்ந்த கண்ணுக்கே அரை கரட், ஒரு கரட் தடுமாறும். எக்ஸ்-கதிர் இயந்திரம் எண்ணாகவே காட்டும், ஆனால் அது பார்ப்பது மயிரிழையைவிட மெல்லிய மேற்பரப்பை மட்டும். நகையைச் சூடாக்கி அமிலத்தில் தோய்க்கும்போது மேலே உள்ள செம்பு கரைந்து, மேற்பரப்பில் தங்கம் கூடி நிற்கும். முலாம் பூசியிருந்தாலும் இயந்திரம் உயர்த்தித்தான் சொல்லும். அதனால் மறைவான ஓர் இடத்தில் லேசாக அராவிவிட்டு அங்கே வைக்கச் சொல்லுங்கள். தகட்டில் ஒன்று, இணைப்பில் ஒன்று, கொக்கியில் ஒன்று என மூன்று இடங்களிலாவது பார்க்க வேண்டும்.

சுத்தத் தங்கம் 24 கரட்; உங்கள் அட்டியலும் 24 கிராம் என்பதால் கணக்கு லேசு: 21 கரட் என்றால் சுத்தத் தங்கம் 21 கிராம், 19 என்றால் 19 கிராம். 2 கிராம் சுத்தத் தங்கம் சிறிய தொகை அல்ல. விற்பது என்று முடிவாகிவிட்டால், உங்கள் கண்முன்னே வெண்காரம் போட்டு உருக்கச் சொல்லி, முன்னும் பின்னும் நிறுத்து, அந்தக் கட்டியைச் சோதிப்பதே சரியான வழி. பொடியும் தங்கமும் கலந்துவிடுவதால் உண்மையான சராசரி கிடைக்கும். ஆனால் உருக்கினால் அட்டியல் போய்விடும். பழைய கை வேலைப்பாட்டுக்கு ஆள் கிடைத்தால் நகையாகவே விற்பது லாபம். அதற்கு அவசரம் இல்லாமல் இருக்க வேண்டும்.

கல் வைத்த தோட்டில் கல்லுக்குப் பணம் தருவார்களா?
– வாசகி, பண்டாரவளை

பெரும்பாலும் தரமாட்டார்கள், எடையிலிருந்து கழிப்பார்கள். சாதாரணத் தோட்டில் உள்ள சிவப்பு, வெள்ளைக் கற்கள் பெரும்பாலும் செயற்கைக் கற்கள். கழிவைக் கண்மதிப்பில் போடும் இடத்தில்தான் சண்டை வரும். கல்லைக் கழற்றித் தனியாக நிறுக்கச் சொல்லலாம். வாங்கும்போதே மொத்த எடை, கல் எடை, நிகர எடை மூன்றையும் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. கல்லுக்குச் சொல்லும் கரட் எடை, 1 கரட் 0.2 கிராம், தங்கத்தின் கரட்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நீலக்கல் போன்ற இயற்கைக் கல் என்று சந்தேகம் இருந்தால் முதலில் அதைத் தனியாக ஒரு கல் பரிசோதகரிடம் காட்டுங்கள். உள்ளே அரக்கு அடைத்த குண்டு, வளையல்களிலும் இதே கதைதான்: அரக்கும் தங்க எடையாக நிற்கும், உருக்கும்போதுதான் வெளியே வரும்.

வீட்டிலேயே சோதிக்க முடியுமா? காந்தம் ஒட்டாவிட்டால் தங்கம்தானே?
– வாசகர், தலவாக்கலை

காந்தம் செம்பிலும் பித்தளையிலும் வெள்ளியிலும்கூட ஒட்டாது. மறுபக்கம், நல்ல சங்கிலியின் கொக்கியிலும் உருக்குச் சுருள் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒட்டும். ஆகவே காந்தம் எதையும் உறுதி செய்யாது.

தண்ணீர்ச் சோதனை அதைவிட மேல். 0.01 கிராம் காட்டும் இலத்திரனியல் தராசு வேண்டும். நகையைக் கழுவி, நன்றாக உலர்த்தி நிறுத்து எண்ணை எழுதுங்கள். தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்குங்கள். நகையை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுக்க அமிழ்த்துங்கள். தராசு காட்டும் எண்ணால் முதல் எடையை வகுத்தால் நகையின் அடர்த்தி கிடைக்கும். 22 கரட் என்றால் 17.8 அளவில் வரும், 18 கரட் 15 முதல் 16 வரை. 16 கிராம் சங்கிலி என்றால் தராசு 0.90 அளவில் காட்ட வேண்டும்; 1.03 காட்டினால் மாற்றுக் குறைவு.

பிழை வரும் இடங்கள்: கண்ணிகளுக்குள் சிக்கிய காற்றுக் குமிழி விடையைக் கீழே இழுத்துவிடும், ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு நூலை ஆட்டினால் குமிழி வெளியேறும். உள்ளே குழலாக இருக்கும் நகைக்கும் கல் வைத்ததற்கும் இந்த வழி உதவாது. 2 கிராம் தோட்டுக்கும் வேண்டாம், அதில் 0.01 பிசகினாலே விடை ஒன்பது வீதம் தவறும். டங்ஸ்டன் உலோகத்தின் அடர்த்தி 19.25, சுத்தத் தங்கம் 19.3. தங்கக் கட்டி வாங்குகிறவர்கள் இந்தச் சோதனையை மட்டும் நம்பினால் ஏமாறுவார்கள்.

நகையில் 916 என்று அடித்திருக்கிறது. ஈடு வைக்கப் போன இடத்தில் 20 கரட் என்று எழுதிவிட்டார்களே?
– வாசகி, பதுளை

916 என்றால் ஆயிரத்தில் 916 பங்கு தங்கம், அதாவது 22 கரட். முத்திரையை யார் அடித்தார் என்பதுதான் கேள்வி. செய்தவரே அடித்த எண் அவருடைய வாக்குறுதி மட்டுமே. ஈடு பிடிப்பவர் தன் பணத்தைக் காக்க, இணைப்பையும் தேய்மானத்தையும் நினைத்துக் குறைத்தே எழுதுவார். அதனால் கடன் தொகை குறையும், மீட்கும்போது நகை முழுதாகவே திரும்பும். சீட்டில் நிகர எடை, கரட், உருப்படி எண்ணிக்கை மூன்றும் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பாருங்கள். கொக்கி முறிந்திருந்தால், கல் விழுந்திருந்தால் அதையும் எழுதச் சொல்லுங்கள். வேறு இரண்டு இடங்களில் கேட்டும் 20 என்றே சொன்னால், பற்றுச்சீட்டோடு நகையை வாங்கிய கடைக்குப் போக வேண்டியதுதான்.