உறுதிமொழிக்குக் காத்திருக்கும் மகன் ஊருக்கு வரலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். என் மகன் அமெரிக்காவில் டாலஸ் பக்கம் இருக்கிறான். குடியுரிமைக்கான நேர்காணல் முடிந்து ஏழு மாதம் ஆகிறது. தேர்வெல்லாம் பாஸ். அதிகாரி வாழ்த்துச் சொல்லி அனுப்பினாராம். உறுதிமொழி விழாவுக்கு ஒரு தேதியும் வந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு ரத்து என்று தகவல். அதன் பிறகு ஒன்றுமே இல்லை. எனக்கு இரண்டு முழங்காலையும் மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் வந்தபிறகுதான் ஆபரேஷன் என்று நான் தள்ளிக்கொண்டே போகிறேன். அவனோ, "எப்ப வேணும்னாலும் கூப்பிடுவாங்கம்மா, இப்ப கிளம்ப முடியாது" என்கிறான். ஏதாவது சிக்கலை என்னிடம் மறைக்கிறானா? இங்கே ஒருவர், பணம் கொடுத்தால் சென்னைத் தூதரகம் மூலமாக முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
— வாசகி, காந்தி நகர், காட்பாடி

பதில்: அம்மா, கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள், ஒரு ரூபாய்கூட. சென்னையில் ஜெமினி மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகம் விசா கொடுக்கும், தன் நாட்டுக்காரர்களுக்கு உதவும். உங்கள் மகனின் குடியுரிமைக் கோப்பில் அதற்கு எந்த வேலையும் கிடையாது. அந்தக் கோப்பு, அவர் குடியிருக்கும் பகுதிக்கான குடியேற்றத் துறை அலுவலகத்தில் இருக்கிறது. வேலூரிலோ சென்னையிலோ இருக்கும் எவராலும் அதைத் தொட முடியாது. அந்த மனிதரிடம் மகனின் பாஸ்போர்ட் நகலைக் கொடுத்திருந்தால் திரும்ப வாங்கிவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். உங்கள் மகன் வரலாம். சொல்லப்போனால் இப்போதுதான் வர வேண்டும்.

நேர்காணலில் தேறினாலும் உறுதிமொழி எடுக்கும் நிமிடம் வரை அவர் இந்தியக் குடிமகன்தான். கையில் இந்திய பாஸ்போர்ட் இருக்கிறது, அமெரிக்காவுக்குத் திரும்பிப் போக கிரீன் கார்டு இருக்கிறது. ஒரு வாரத்தில் டிக்கெட் போட்டு வந்து போக இதைவிட எளிதான நிலை அவருக்கு இனி கொஞ்ச நாள் கிடைக்காது. ஏனென்றால், உறுதிமொழி விழாவில் கிரீன் கார்டைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள். அதே நாளில் நம் 1955-ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 9-வது பிரிவின்படி இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். அதற்குப் பிறகு இந்திய பாஸ்போர்ட்டில் பயணம் செய்வது குற்றம். அமெரிக்க பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து வாங்க வேண்டும். பிறகு இந்தியா வர விசா வேண்டும், அல்லது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை வேண்டும். அந்த இடைவெளியில் உங்களுக்கு ஏதாவது அவசரம் என்றால்தான் அவர் தவித்துப் போவார்.

விதியில் ஒரு வசதி இருப்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பதாரருக்கோ குடும்பத்தாருக்கோ கடுமையான நோய், அவசரமான பயணம், வேலை போன்ற காரணங்கள் இருந்தால் உறுதிமொழியைச் சீக்கிரம் வைக்கும்படி கேட்கலாம். "அம்மாவுக்கு ஆபரேஷன்" என்று உங்கள் மகனும் கேட்க நினைக்கக்கூடும். அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். உறுதிமொழி சீக்கிரம் கிடைத்துவிட்டால், நான் மேலே சொன்ன இடைவெளி உங்கள் ஆபரேஷன் நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். உங்கள் விஷயத்தில் அது எதிர்விளைவு.

என் மூத்த மகள் மிச்சிகனில் இருக்கிறாள். அவளுக்கும் இதே போல உறுதிமொழிக்கு முன்னால் இழுத்துக்கொண்டே போனது. அந்த நேரத்தில்தான் அவள் தம்பிக்குச் சத்துவாச்சாரியில் கல்யாண மண்டபம் பேசி முடித்திருந்தோம். தேதியை மாற்றலாமா என்று பேச்சு வந்தபோது நான் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் வந்தாள், பத்திரிகை வைக்க எங்களோடு ஆரணி வரை அலைந்தாள், கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். அவள் இங்கே இருக்கும்போதே அழைப்பும் வந்தது. அவள் விவரம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினாள். அங்கே மருமகன் அதை அழைப்போடு சேர்த்து அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பி, வேறு தேதி கேட்டார். அடுத்த விழாவில் உறுதிமொழி எடுத்துக்கொண்டாள்.

அதனால் அழைப்பு வந்துவிடுமோ என்ற பயம் உங்கள் மகனைக் கட்டிப்போட வேண்டியதில்லை. ஒரு தடவை வர முடியாத காரணத்தை எழுதித் தெரிவித்தால் வேறு தேதி தருவார்கள். தகுந்த காரணம் இல்லாமல் ஒன்றுக்கு மேற்பட்ட விழாக்களுக்குப் போகாமல் இருந்தால்தான், குடியுரிமை வேண்டாம் என்று விட்டுவிட்டதாக எடுத்துக்கொள்வார்கள். எனவே அவர் இல்லாதபோது தபாலைப் பார்க்க ஒரு நண்பர் வேண்டும். துறையின் இணையக் கணக்கையும் அவர் இங்கிருந்தே பார்த்துக்கொள்ள வேண்டும்.

இன்னும் சில எச்சரிக்கைகள். பயணம் சில வாரங்களோடு முடியட்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால், குடியுரிமைக்குத் தேவையான 'அமெரிக்காவில் தொடர்ந்து வசித்தல்' முறிந்துவிட்டதா என்ற கேள்வி எழும். கிரீன் கார்டின் தேதி முடிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். 2022 டிசம்பர் 12 முதல் என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பம் போட்டவர்களுக்கு, அந்த ரசீதுக் கடிதமே கார்டை 24 மாதம் நீட்டிக்கிறது. பழைய கார்டையும் அந்தக் கடிதத்தின் அசலையும் சேர்த்து எடுத்து வர வேண்டும். போலீஸ் கேஸ், கோர்ட் விவகாரம் என்று எதுவாவது இருந்தால் மட்டும், கிளம்பும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்டுக்கொள்ளட்டும். விழா அழைப்பான என்-445 தாளில் சில கேள்விகள் இருக்கும்: நேர்காணலுக்குப் பிறகு வெளிநாடு போனீர்களா, திருமணம் ஆனதா, கைதானீர்களா என்றெல்லாம். வேலூர் வந்து போனதை அதில் உள்ளபடி எழுத வேண்டும். என் மகள் எழுதினாள். அங்கிருந்த அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்.

சரி, மகன் மறைக்கிறாரா என்று கேட்டீர்கள். தாயின் மனசு அப்படித்தான் போகும். அவரைக் கேள்வி மேல் கேள்வி கேட்பதை விட ஒரே ஒரு தாளைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நேர்காணல் முடிந்ததும் என்-652 என்று ஒரு தாள் கொடுப்பார்கள். அதில் ஒப்புதலுக்குப் பரிந்துரை செய்யப்பட்டது என்ற கட்டத்தில் குறி இருந்தால், மிச்சம் இருப்பது பெரும்பாலும் விழா ஏற்பாடுதான். இன்னும் முடிவெடுக்க முடியவில்லை என்ற கட்டத்தில் குறி இருந்தால் கதை வேறு. அதில் நேர்காணல் முடிந்து 120 நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால், விண்ணப்பதாரர் மாவட்டக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக அமெரிக்கச் சட்டமே வழி கொடுத்திருக்கிறது. உங்கள் மகனுக்கு ஒரு தேதி கொடுத்து ரத்து செய்திருக்கிறார்கள் என்பதால் அவர் முதல் வகையாகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

ரத்துக்குப் பல காரணம் உண்டு. கைரேகைச் சோதனை 15 மாதம்தான் செல்லும். அதற்குள் விழா நடக்காவிட்டால் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். நேர்காணலுக்குப் பிறகு வேறு ஊருக்கு வீடு மாறினால் கோப்பு அலுவலகம் விட்டு அலுவலகம் போகும். சில பகுதிகளில் உறுதிமொழி செய்துவைக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு மட்டுமே உண்டு. அங்கே நீதிபதி ஒதுக்கும் நாளைப் பொறுத்துத்தான் விழா.

நம் ஆட்களுக்கென்றே ஒரு காரணம் இருக்கிறது, பெயர். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதும்போது அப்பா பெயர் குடும்பப் பெயர் ஆகிவிடும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்கக் காகிதங்களில் முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள்படும் எழுத்துகள் ஒட்டிக்கொள்ளும். வருஷக்கணக்காக வங்கியிலும் விமான நிலையத்திலும் அவஸ்தைப்பட்டவர்கள், குடியுரிமை விண்ணப்பத்திலேயே பெயரை மாற்றிக் கேட்பார்கள். அப்படிக் கேட்கலாம், ஆனால் பெயரை மாற்றும் அதிகாரம் நீதிபதிக்குத்தான். துறை தன் அலுவலகத்திலேயே நடத்தும் விழாவில் அது நடக்காது. எனவே நீதிமன்ற விழாவுக்குக் காத்திருக்க வேண்டும். உங்கள் மகன் பெயர் மாற்றம் கேட்டிருந்தால் தாமதத்துக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். நியாயமான காத்திருப்புதான் அது. பிள்ளைகளின் பள்ளிச் சான்றிதழ் வரைக்கும் அந்தப் பெயர் போகப் போகிறது. விழா நாளில் சான்றிதழைக் கையில் வாங்கியதும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று அங்கேயே பார்க்கச் சொல்லுங்கள்.

நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதனால் முகவரி பற்றிக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். வீடு மாறினால் 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். தபால் நிலையத்தில் மட்டும் சொன்னால் போதாது, துறைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அடுக்குமாடி வீட்டு எண் விட்டுப்போன ஒரு கடிதம் எங்கெல்லாம் சுற்றும் என்று எனக்குத் தெரியும். மகனின் கணக்கில் இருக்கும் முகவரியை எழுத்து எழுத்தாகச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

சும்மா காத்திருக்கவும் வேண்டாம். இணையக் கணக்கு மூலம் விசாரணை போடலாம், உதவி எண்ணில் பேசலாம். அதிலும் பதில் இல்லை என்றால் அவர் தொகுதிக்கான காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினரின் அலுவலகத்துக்கு எழுதலாம். ஓட்டுரிமை இல்லாவிட்டாலும் தொகுதியில் வசிப்பவர் என்ற முறையில் உதவுவார்கள். ஒரு சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு துறையிடம் விசாரிப்பார்கள். கட்டணம் கிடையாது. அதோடு ஒன்று: உறுதிமொழி எடுக்கும் வரை எந்தப் படிவத்திலும் "நான் குடிமகன்" என்று குறிக்கக் கூடாது, வாக்காளராகப் பதியக் கூடாது. ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்கப் போகும் இடத்தில் வாக்காளர் பதிவையும் சேர்த்துக் கேட்பார்கள். தெரியாமல் டிக் செய்துவிட்டால் பின்னால் பெரிய வம்பாகும்.

அம்மா, ஆபரேஷன் தேதியை நீங்கள் முதலில் குறியுங்கள். மகனுக்கு அந்தத் தேதியைச் சொல்லுங்கள், அவர் அதற்கு ஏற்ப டிக்கெட் போடட்டும். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாளை விட, வீட்டுக்கு வந்த பிறகு நடக்கப் பழகும் முதல் சில வாரம்தான் கூட ஆள் வேண்டும். அவருக்குக் கிடைக்கும் லீவை அந்த வாரங்களுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வலியோடு படி ஏறி இறங்கிக்கொண்டு ஒரு கடிதத்துக்காக நீங்கள் காத்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி: என் மகள் அடுத்த வருடம் அமெரிக்கக் குடிமகள் ஆகிவிடுவாள். எங்கள் பரம்பரை நிலம் அவளுக்கு வராமல் போய்விடுமா?
— வாசகர், குடியாத்தம்

பதில்: போகாது. ஓ.சி.ஐ. அட்டை வைத்திருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது. பண்ணை வீடும் தோட்டமும் அப்படியே. வாரிசாக வருவதைத் தாராளமாகப் பெறலாம். பின்னால் விற்க நினைத்தால், இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்குத்தான் விற்க முடியும். உங்கள் பட்டாவிலும் அவள் பாஸ்போர்ட்டிலும் உங்கள் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லாவிட்டால் தாலுகா அலுவலகத்தில் திருத்தி வையுங்கள். குடியுரிமை மாறியதும் இங்கே வாக்காளர் பட்டியலிலிருந்து அவள் பெயரை நீக்க மனுக் கொடுங்கள்.

கேள்வி: என் மனைவி மலேசியாவில் பிறந்தவர். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து, விசாரணையும் முடிந்துவிட்டது. மாதக்கணக்காகப் பதில் இல்லை. மலேசியக் குடியுரிமையை முன்கூட்டியே விட்டுவிட்டால் வேலை சீக்கிரம் நடக்குமா?
— வாசகர், வாணியம்பாடி

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். உள்துறை அமைச்சகத்தின் ஏற்புக் கடிதம் கைக்கு வந்த பிறகுதான் பழைய குடியுரிமையைத் துறந்த சான்றைக் கேட்பார்கள். முன்கூட்டியே விட்டுவிட்டு இங்கே இழுபறியானால் உங்கள் மனைவி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர் ஆகிவிடுவார். சான்றிதழ் வரும் வரை அவருடைய மலேசிய பாஸ்போர்ட்டும் இங்கே தங்கும் அனுமதியும் காலாவதி ஆகாமல் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள்.

உங்கள் ஊருக்கு மட்டும் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்ததில் வாணியம்பாடி திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. மனைவியின் ஆதாரில், வாடகை ஒப்பந்தத்தில், பழைய சான்றுகளில் எங்காவது வேலூர் மாவட்டம் என்றே இருக்கிறதா என்று பாருங்கள். திருமணச் சான்று மிகவும் பழையது என்றால் அதில் வட ஆற்காடு என்றுகூட இருக்கலாம். இருந்தால், எல்லாம் ஒரே ஊர்தான் என்று ஒரு விளக்கக் கடிதம் எழுதி, விண்ணப்ப எண்ணைக் குறித்து, திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்தில் நேரில் கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.